குதிரைக்கு வைத்தியர் உண்டு

சென்ற வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் 11 நாள் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு லீவுக் கடிதத்துடன் வந்து நின்றான். அதில், "என் தகப்பனாரைக் குதிரை உதைத்துவிட்டபடியால்" என்று எழுதியிருந்தது. நான் எத்தனையோ வருஷமாக லீவுக் கடிதங்கள் படித்து வருகிறவன். ஜுரம், கல்யாணம், பாட்டியின் மரணம் எல்லாம் எனக்குப் பழக்கம். ஒரே பாட்டி மூன்று முறை இறந்ததும் உண்டு. குதிரை மட்டும் அதுவே முதல் தடவை. விசாரித்ததில், தகப்பனார் ஊர்ப் பந்தயத் திடலில் குதிரைக்காரர் என்றும், அந்தப் 11 நாளும் பையன்தான் அவருக்குப் பதிலாக லாயத்தில் வேலை செய்தான் என்றும் தெரிந்தது. சம்பளம் நின்றுவிடக் கூடாதே என்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீடு என்பது லாயத்தின் பின்புறத்தில் ஓர் அறை. மனிதர் மார்பில் துணியைச் சுற்றிக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடி மூச்சை அளந்து விட்டுக்கொண்டிருந்தார். விலா எலும்பு மூன்று முறிந்திருந்தது.

"அது வேண்டுமென்று உதைக்கவில்லை, சார். ஈ கடித்தது, காலை உதறியது. நான் நின்ற இடம்தான் தப்பு" என்றார்.

வைத்தியச் செலவு யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன். டிரெயினரிடம் கேட்டதற்கு, "குதிரைக்குச் சொந்தக்காரரைப் பார்" என்றாராம். சொந்தக்காரர், "கிளப்பில் ஏதாவது நிதி இருக்குமே" என்றாராம். கிளப்பு ஆபீஸில், "நீ எங்கள் ஆள் இல்லையே, டிரெயினருடைய ஆள் அல்லவா?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் மனைவியின் கம்மல்தான் செலவைக் கொடுத்தது.

நம்மில் பெரும்பாலோர் பந்தயக் குதிரையைப் பத்திரிகைப் படத்தில் பார்த்திருக்கிறோம். முதுகில் பட்டுச் சட்டை போட்ட ஜாக்கி இருப்பார். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர் சிரித்துக்கொண்டு நிற்பார். படத்தின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு ஒரு கை தெரியும். அதுதான் குதிரைக்காரருடைய கை. ரேஸ் பாஷையில் அவருக்குச் 'சைஸ்' என்று பெயர். அரபு தேசத்திலிருந்து குதிரைகளோடு வந்து சேர்ந்த வார்த்தை.

சைஸின் நாள் விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. லாயத்தில் இரவு சேர்ந்த லத்தியையும் நனைந்த படுக்கையையும் வாரிக் கொட்ட வேண்டும். தண்ணீர் காட்ட வேண்டும். விடியும் நேரத்தில் குதிரை ஓட்டப் பயிற்சிக்குப் போகும். திரும்பியதும் அதை நடத்தி நடத்தி வியர்வை ஆற்ற வேண்டும். பிறகு குளிப்பாட்டு, தேய்ப்பு, குளம்பு சுத்தம், தீனி. மாலையில் மறுபடியும் இவையெல்லாம். ஒருவருக்கு இரண்டு மூன்று குதிரைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 450, 500 கிலோ எடையுள்ளது. ஓட்டத்துக்கென்றே ஊட்டி வளர்த்து, நாளில் பெரும்பகுதி நாலு சுவருக்குள் அடைத்து வைத்த பிராணி. காகிதம் பறந்தாலும் துள்ளும்.

உதையும் கடியும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற ஆபத்து. கண்ணுக்குத் தெரியாதது காற்றில் இருக்கிறது. படுக்கையில் ஊறிய மூத்திரத்திலிருந்து அமோனியா என்னும் காரமான வாயு எழுந்து கண்ணையும் தொண்டையையும் அரிக்கிறது. பழைய புல்லையும் வைக்கோலையும் உதறும்போது பூஞ்சைக் காளான் தூள் பறக்கிறது. வருஷக் கணக்கில் அதைச் சுவாசிக்கிறவருக்கு ஆஸ்த்மாவோ, நுரையீரல் தடித்துப்போகும் வியாதியோ வரலாம். குதிரைச் சாணத்தில் ரண ஜன்னிக் கிருமி குடியிருக்கிறது. லாயத்தில் காலில் ஆணி ஏறினால் அது லேசான விஷயமல்ல. (அந்த ஜன்னிக்கு முறிவு மருந்தும் வெகுகாலம் குதிரையின் ரத்தத்திலிருந்துதான் தயாராயிற்று; கெடுத்ததும் கொடுத்ததும் அதுவேதான்!) மூக்கில் சீழ் வடியச் செய்து குதிரையைக் கொல்லும் 'கிளாண்டர்ஸ்' என்ற நோய் மனிதனுக்கும் தொற்றக் கூடியது. அந்த நோயை அடக்க இந்தியாவில் 1899ஆம் வருஷத்திலேயே ஒரு தனிச் சட்டம் செய்துவிட்டார்கள். வேலையில் காயம்பட்ட மனிதனுக்கு நஷ்டஈடு கொடுக்கும் சட்டம் வந்தது 1923இல். குதிரை 24 வருஷம் முந்திக்கொண்டது.

இன்றைக்கும் குதிரை முந்தித்தான் நிற்கிறது. லாயத்துக்கு மிருக வைத்தியர் வருகிறார். பெரிய திடல்களில் குதிரைக்கென்று ஆஸ்பத்திரி உண்டு, எக்ஸ்‌ரே உண்டு, நீந்துவதற்குக் குளமும் உண்டு. தடுப்பூசி போட்ட தேதி அதன் புத்தகத்தில் ஏறுகிறது. விலை உயர்ந்த குதிரையை இன்ஷூர் செய்துவிடுகிறார்கள். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. வாயில்லா ஜீவனுக்கு எவ்வளவு செய்தாலும் தகும். வாயுள்ள ஜீவன் பக்கத்திலே நிற்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1948ஆம் வருஷம் சுதந்திர இந்தியா இயற்றிய தொழிலாளர் இன்ஷூரன்ஸ் சட்டம்; ஈ. எஸ். ஐ. என்றால் எல்லோருக்கும் தெரியும். 1952 பிப்ரவரி 24ந் தேதி கான்பூரில் ஜவாஹர்லால் நேரு அத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதன் ஷரத்துக்கள் 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இந்தச் சட்டம் பந்தயத் திடலுக்குப் பொருந்துமா என்பதைப் பற்றி ஒரு வேடிக்கையான வழக்கு நடந்தது. ராஜாங்க அறிவிப்புகளில் 'கடை' என்ற வார்த்தை இருந்தது. "நாங்கள் என்ன புளியும் மிளகாயும் விற்கிறோமா? நாங்கள் கிளப்பு, கடை அல்ல" என்ற தோரணையில் கிளப்புகள் வாதாடின. ஹைதராபாத் ரேஸ் கிளப்பு வழக்கில் 2004ஆம் வருஷமே சுப்ரீம் கோர்ட் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பெங்களூர் டர்ப் கிளப்பு மறுபடியும் கேட்டது. 2014 ஜூலையில், அதைவிடப் பெரிய பெஞ்சு முடிவு சொல்லிற்று: தொழிலாளியின் நன்மைக்காக ஏற்பட்ட சட்டத்தில் 'கடை' என்பதற்கு விசாலமான பொருளே கொள்ள வேண்டும், ஜனங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு பொழுதுபோக்கு அளிக்கிற இடமும் அதில் அடங்கும். பம்பாயிலும் பூனாவிலும் பந்தயம் நடத்தும் கிளப்பைப் பற்றிய வழக்கில், அவ்வப்போது வேலைக்கு வரும் தற்காலிக ஆட்களும் 'தொழிலாளி'தான் என்று 2016இல் தீர்ப்பாயிற்று.

இவ்வளவு வெற்றிக்குப் பிறகும் என் மாணவனுடைய தகப்பனார் ஏன் கம்மலை விற்க வேண்டியிருந்தது? தீர்ப்புகள் கிளப்பின் ஆட்களைப் பற்றியவை. டிக்கெட் கொடுப்பவர், வாயில் காப்பவர், ஆபீஸ் குமாஸ்தா முதலியோருக்குக் கிளப்பு எஜமான். சைஸுக்கோ அநேகமாக டிரெயினர்தான் எஜமான். சம்பளம் டிரெயினர் கையிலிருந்து வருகிறது. அது சொந்தக்காரர் கொடுக்கும் பராமரிப்புத் தொகையிலிருந்து வருகிறது. வேலை நடக்கும் மண் கிளப்புடையது. மூன்று பேருக்கும் பொதுவான ஆள் ஒருவருக்கும் ஆள் அல்ல. சிறிய டிரெயினரிடத்தில் சட்டம் கேட்கிற தலைக்கணக்கும் எட்டாமல் போகலாம். ஆனால் வேறொரு எஜமானர் மூலமாக ஒரு ஸ்தாபனத்தின் இடத்தில் வேலை செய்கிறவரையும் அந்த ஸ்தாபனத்தின் கணக்கில் சேர்ப்பதற்கு 1948ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே வழி வைத்திருந்தார்கள். கிளப்பு முன்வந்து லாயம் முழுவதையும் ஒரே ஜாபிதாவில் எழுதிக்கொண்டால் விவகாரம் தீர்ந்தது. என் அபிப்பிராயத்தில், டிரெயினருக்கு லைசென்ஸ் கொடுக்கும்போதே இதை நிபந்தனையாக வைத்துவிடலாம். குதிரைக்குத் தடுப்பூசி கேட்கிறவர்கள் சைஸுக்கு இன்ஷூரன்ஸ் நம்பரும் கேட்கக் கூடாதா?

செலவோ அதிகமில்லை. 2019 ஜூலையில் வைத்த விகிதப்படி தொழிலாளி நூற்றுக்கு முக்கால் ரூபாயும், எஜமானர் மூன்றேகால் ரூபாயும் கட்ட வேண்டும். மாதம் 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு இரண்டும் சேர்ந்து 600 ரூபாய். அதற்கு ஈடாகக் குடும்பம் முழுவதற்கும் வைத்தியம். நோயில் படுத்தால் வருஷத்தில் 91 நாள் வரை நூற்றுக்கு 70 வீதம் சம்பளம். வேலையில் காயம்பட்டால் குணமாகும் வரை 90 வீதம். காயத்துக்கு முன்னதாக இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உதைபட்டாலும் உண்டு.

பந்தயத்தின் தாய்வீடான இங்கிலாந்திலும் இது தானாக வந்துவிடவில்லை. அங்கே 1963 டிசம்பரிலும் 1964 வசந்தத்திலும் டிம் புரூக்‌ஷா, பாடி பாரெல் என்ற இரண்டு ஜாக்கிகள் ஏயின்ட்ரீ திடலில் விழுந்து முதுகெலும்பு முறிந்து முடமானார்கள். நாடே இரங்கிற்று. 1964இல் காயமுற்ற ஜாக்கிகள் நிதி ஏற்பட்டது. பிற்பாடு 2009இல் லாம்போர்ன் கிராமத்தில் உடம்பைத் தேற்றும் நிலையம் ஒன்றையும் கட்டினார்கள். ஆனால் ஜாக்கி விழுவதைப் பல்லாயிரம் பேர் பார்க்கிறார்கள். லாயத்துப் பையன் உதைபடுவதைக் குதிரை ஒன்றுதான் பார்க்கிறது. அந்தப் பையன்கள் 1975ஆம் வருஷம் நியூமார்க்கெட்டில் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்ய நேர்ந்தது. பெரிய பந்தய நாளன்று ஓடுபாதைக்குக் குறுக்கே போய் உட்கார்ந்தார்கள். பார்க்க வந்த கனவான்களில் சிலர் குடையும் கைத்தடியுமாக அவர்கள்மேல் பாய்ந்தார்களாம். இன்றைக்கு லாயத் தொழிலாளருக்கென்று அங்கே சங்கம் இருக்கிறது. ரேஸிங் வெல்பேர் என்ற தர்ம ஸ்தாபனமும் இருக்கிறது. கஷ்டத்தில் உள்ளவர் இரவு எந்த நேரத்திலும் டெலிபோனில் பேசலாம். வேலையிலிருந்து ஓய்ந்தவருக்குக் குடியிருக்க வீடு கொடுக்கிறார்கள். லாய வேலையில் இருப்பவருக்கு, வேலை போனால் வீடும் போய்விடும் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் வாசகர் ஒருவர் புத்தகத்தை மூடிவிட்டு என்னைக் கேட்கலாம்: "குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்லவா? எத்தனை குடும்பங்கள் அதனால் தெருவில் நின்றன! அதற்கு நீர் பரிந்து பேசலாமா?" நியாயமான கேள்வி. எனக்கும் பந்தயம் பிடிக்காது. 1974இல் தமிழ்நாட்டில் அதை ஒழிக்கச் சட்டம் வந்தது சரி என்றே நினைக்கிறேன். 1996இல் சுப்ரீம் கோர்ட், இது திறமை சார்ந்த ஆட்டம், சூதாட்டமல்ல என்று சொல்லிவிட்டது. சட்டப்படி அப்படியே இருக்கட்டும். ஆனால் சைஸ் பணம் கட்டி ஆடுகிறவர் அல்லவே. சூதாடி நாட்டை இழந்த நளன் பிறகு ருதுபர்ணனிடம் குதிரை தேய்க்கப் போனான். விராடன் அரண்மனையில் தருமபுத்திரர் உள்ளே சொக்கட்டான் உருட்ட, நகுலன் வெளியே லாயத்தில் நின்றான். நகுலன்மேல் குற்றம் சொன்னவர் யாரும் இல்லை.

பந்தயம் ஒழிய வேண்டும் என்கிறவர்களுக்கு இதில் பொறுப்பு இன்னும் அதிகம். 2020 மார்ச்சில் கொள்ளை நோயினால் பந்தயங்கள் நின்றன. குதிரையின் பசி நிற்கவில்லை. சைஸ்கள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு லத்தி வாரினார்கள். ஜெயித்த குதிரைக்காகக் கிடைக்கும் வெகுமதி மட்டும் இல்லாமற் போயிற்று. 2024 செப்டம்பரில் தமிழ்நாட்டு ராஜாங்கம் கிண்டித் திடலின் குத்தகையை ரத்துச் செய்தபோது, நிலத்தின் பரப்பையும் வாடகைப் பாக்கியையும் பற்றி நிறையப் படித்தேன். லாயத்தில் தலைமுறையாகக் குடியிருக்கும் மனிதர்கள் எங்கே போவார்கள் என்பது பற்றி நான் படித்தது ஒன்றிரண்டு வரிதான். திடலை மூடுவதாயினும் நடத்துவதாயினும் அந்தக் கணக்கை முதலில் எழுத வேண்டும்.

பையனுடைய தகப்பனார் மூன்றாவது வாரமே வேலைக்குத் திரும்பிவிட்டார். அவர் கை வைக்காமல் அந்தக் குதிரை சரியாகத் தீனி எடுக்கவில்லையாம். டிரெயினர் ஆள் அனுப்பினார். போவதற்கு முன் பள்ளிக்கூடத்துக்கு வந்து, தொழிலாளர் இலாகாவுக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்கும்படி கேட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பெயர், வயது, விலாசம், எத்தனை வருஷ ஊழியம், காயம் பட்ட விவரம் எல்லாம் எழுதியாயிற்று. எஜமானர் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன்.

சற்று யோசித்தார். "மூன்று பேரையும் எழுதுங்கள், சார்" என்றார்.

எழுதினேன். மூன்று கடிதங்களாகப் பிரதி எடுத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறோம்.