பரப்பைப் பேர்ச்சாக மாற்றுதல்: கணனியில் ஒரு நிரலைப் பெருக்கும் முறை

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தனர். நீர்வேலி மக்களும் அவ்வாறே தென்மராட்சிக்குப் போயினர். பலர் கையோடு கொண்டு சென்ற பெரும் சொத்து காணி உறுதி. அதில் தோட்டக் காணியின் அளவு பரப்பிலும் குழியிலும் இருக்கும். ஆனால் விண்ணப்பப் படிவங்கள் பேர்ச்சிலோ ஹெக்டெயரிலோ அளவைக் கேட்பதுண்டு. பல குடும்பங்களின் காணியை ஒரே பட்டியலாகக் கணனியில் மாற்றும்போது, ஒரு சிறு தவறு ஒருவரின் வாழைத் தோட்டத்தில் ஒரு பகுதியையே இல்லாமற் செய்துவிடும்.

முதலில் அளவை அறிவோம். வரகு விதைப்புக் காணியில் 18 குழி ஒரு பரப்பு. ஒரு பரப்பு 10 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர். நெல் விதைப்பு என உறுதியில் எழுதியிருந்தால், அதனை வேறு பட்டியலில் வைத்து நில அளவையாளரிடம் கேட்டறிக.

அடிக்கடி நேரும் தவறு இது: 2 பரப்பு 9 குழியை 2.9 எனப் பதிவது. 9 குழி அரைப் பரப்பாகும். எனவே சரியான எண் 2.5. 1 பரப்பு 12 குழியை 1.12 எனப் பதிந்தால் 11.2 பேர்ச் என வரும். உண்மை அளவு 16.67 பேர்ச். ஐந்து பேர்ச்சுக்கு மேல் போய்விடும்.

இதைத் தவிர்க்க, எக்ஸெல் போன்ற விரிதாளில் பின்வருமாறு செய்க:

1. ஏ நிரலில் குடும்பத்தின் பெயர், பீ நிரலில் பரப்பு, சீ நிரலில் குழி.

2. டீ2 கலத்தில் =பீ2+சீ2/18 என இடுக. இது முழு அளவைப் பரப்பில் தரும்.

3. தனியாக ஜீ1 கலத்தில் 10 என இடுக. இதுவே பெருக்கும் எண்.

4. ஈ2 கலத்தில் =டீ2*$ஜீ$1 என இடுக. பின் டீ2, ஈ2 இரண்டையும் கடைசி நிரை வரை கீழே இழுக்க.

(நிரல்களின் பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.)

டொலர் குறி எதற்கு? சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது டீ2 என்பது டீ3, டீ4 என மாறும். ஜீ1 அவ்வாறு மாறக் கூடாது. குறி இல்லையேல் அது ஜீ2 என்ற வெற்றுக் கலத்துக்கு இறங்கி, விடை பூச்சியமாகும். ஹெக்டெயர் வேண்டுமாயின் ஜீ1 இல் 0.0253 என மாற்றினால் போதும். ஈ நிரலின் தலைப்பையும் மாற்றுக.

இன்னொரு குறுக்குவழி உண்டு. 10 என்ற எண்ணைப் பிரதிசெய்து, நிரலைத் தெரிந்து, பேஸ்ட் ஸ்பெஷலில் மல்டிப்ளை என்பதைக் கொடுத்தால் அந்த இடத்திலேயே எண்கள் பெருகிவிடும். ஆனால் பழைய எண் அழிந்துபோகும். மறதியாக இருமுறை செய்தால் 4 பரப்பு 400 பேர்ச் ஆகும். பட்டியலைப் பார்ப்பவருக்கு மூல அளவு எதுவெனத் தெரியாது. காணிப் பட்டியலுக்கு இவ்வழி வேண்டாம்.

முடிவில் டீ நிரலின் கூட்டுத்தொகையைப் பெருக்கும் எண்ணால் பெருக்குக. அது ஈ நிரலின் கூட்டுத்தொகைக்குச் சமனாக வேண்டும். ஆயினும் பதிந்த எண்ணே பிழையென்றால் இச்சோதனை காட்டாது. எனவே பட்டியலைக் கையளிக்குமுன் ஒவ்வொரு நிரையையும் உரிய குடும்பத்தாருக்கு வாசித்துக் காட்டி, உறுதியோடு ஒப்பிடுக. படிவத்தில் பரப்பையும் பேர்ச்சையும் அருகருகே எழுதுவது நன்று.