இழுத்தால் இறுகும் அலுமினியம்

அலுமினியம் என்றாலே நமக்கு நசுங்கிய டம்ளர்தான் ஞாபகம் வரும். மெத்தென்ற உலோகம், வளைச்சா வளையும். ஆனால் அதே அலுமினியத்தை ஒரு துளை வழியாகப் பலமுறை இழுத்தால், எதையும் கலக்காமலே அதன் வலு ஏறிவிடும். ‘கோல்டு டிராயிங்’ என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். ‘கோல்டு’ என்றதும் பனிக்கட்டியை நினைக்க வேண்டாம். உலோகத்தைக் காய்ச்சாமல் செய்வது என்றுதான் பொருள்.

முறுக்கு நாழியில் மாவைப் பின்னாலிருந்து அழுத்துகிறோம். அலுமினியத்தை நன்றாகச் சூடாக்கி அப்படித் தள்ளினால் அது எக்ஸ்ட்ரூஷன். நம் ஊர்த் தட்டாரின் கம்பியச்சில் வேலை வேறு மாதிரி: கம்பியின் முனையைக் குறடால் பிடித்து முன்னாலிருந்து இழுப்பார். தொழிற்சாலையிலும் அதே வித்தைதான். முதல் முறையில் வந்த ராடின் முனையைத் தட்டிச் சிறிதாக்கி, எண்ணெய் பூசி, டங்ஸ்டன் கார்பைடு அச்சில் நுழைத்து, மறுபக்கம் கவ்வி இழுப்பார்கள். எண்ணெய் குறைந்தால் அலுமினியம் அச்சில் ஒட்டிக்கொண்டு ராடு முழுக்கக் கீறல் விழும். அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே பழகிய ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிடுவார்.

25 மி.மீ. ராடு 22 மி.மீ. ஆனால் அதன் குறுக்குப் பரப்பு சுமார் 23 சதவீதம் குறையும். 4 மீட்டர் ராடு 5 மீட்டருக்குமேல் நீளும். பேராசைப்பட்டு ஒரே இழுப்பில் நிறையக் குறைக்க முடியாது. இழுக்கும் விசை முழுவதையும் அச்சைத் தாண்டி வந்த மெலிந்த பகுதிதானே தாங்க வேண்டும்? உராய்வே இல்லை, உலோகமும் இறுகாது என்று வைத்துக் கணக்குப் போட்டாலும் ஓர் இழுப்புக்கு உச்சவரம்பு 63 சதவீதம். நடைமுறையில் அதில் பாதிகூடப் போவதில்லை.

வலு எங்கிருந்து வருகிறது? உலோகப் படிகங்களுக்குள் நூலிழை போன்ற குறைகள் உண்டு. அவை நகர்வதால்தான் உலோகம் வளைகிறது. இழுக்க இழுக்க அவை பெருகி, சிக்கெடுக்க முடியாத நூற்கண்டாகிவிடும். நகர வழியில்லை, உலோகம் இறுகுகிறது. 1100 என்ற வணிகத் தூய அலுமினியம் மெத்தென்ற நிலையில் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 3.5 கிலோ சுமையிலேயே நிரந்தரமாக உருமாறத் தொடங்கும். முழுக்க இறுகியபின் சுமார் 15 கிலோ வரை தாங்கும். ஆனால் சும்மா கிடைப்பதில்லை. முன்பு 35 சதவீதம் நீண்டபின் அறுந்தது, இப்போது 5 சதவீதத்திலேயே அறுந்துவிடும்.

பால்கனிக் கம்பியோ ஏணியோ செய்பவர்கள் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். இந்த இறுக்கத்துக்குத் தீ ஆகாது. சுமார் 345 டிகிரி செல்சியஸில் அந்தச் சிக்கெல்லாம் கலைந்து, ராடு பழையபடி மெத்தென்று ஆகிவிடும். வெல்டிங் சூடு அதைவிட மிக அதிகம். உருக்கும் இடத்தில் 660 டிகிரியைத் தாண்ட வேண்டும். பற்றவைத்த இடத்தின் இருபுறமும் வலு போய்விடும், பார்த்தால் ஒன்றும் தெரியாது. பளபளப்பாகவே இருக்கும்! ‘நல்லா பத்திக்கிச்சு சார்’ என்று வெல்டர் சொல்வதும் பொய்யில்லை; ஒட்டு நன்றாகத்தான் இருக்கும், பக்கத்து உலோகம்தான் தளர்ந்திருக்கும்.

இறுகிய 12 மி.மீ. ராடு தாங்கும் இழுவிசையை, வெல்டிங் செய்த இடத்தில் தாங்க ஏறக்குறைய 25 மி.மீ. தடிமன் வேண்டியிருக்கும். அதனால் இப்படிப்பட்ட ராடுகளைப் போல்ட் அல்லது கிளாம்ப் போட்டு இணைக்கச் சொல்வதே என் வழக்கம். வெல்டிங் செய்தே ஆகணும் என்றால், மெத்தென்ற நிலையின் வலுவை வைத்துத் தடிமனைக் கணக்கிடச் சொல்லுங்கள்.