இங்கிலாந்தில் முற்காலத் திருமண வயது

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, இங்கிலாந்தில் சாதாரண மக்களின் முதல் திருமணம் சராசரியாகப் பெண்களுக்கு 25, 26 வயதிலும் ஆண்களுக்கு 27, 28 வயதிலும் நடந்தது. முற்காலத்தில் எல்லா நாடுகளிலும் சிறு வயதிலேயே மணம் முடித்தார்கள் என்ற பரவலான எண்ணத்துக்கு இது நேர்மாறானது.

இந்த எண்ணம் தோன்றப் பிரபுக் குடும்பங்களின் வரலாறு ஒரு காரணம். மார்கரெட் போஃபோர்ட் 1455இல் தமது 12ஆம் வயதில் எட்மண்ட் டியூடருக்கு மணமுடித்து வைக்கப்பட்டார். அடுத்த ஆண்டே கணவர் இறந்தார். 1457 சனவரியில், 13 வயதில், பிற்காலத்தில் ஏழாம் ஹென்றி மன்னரான மகனைப் பெற்றார். பிறகு மறுமணங்கள் செய்தும் அவருக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. நிலமும் பட்டமும் கைமாறும் குடும்பங்களின் வழக்கம் இது. உழவர் வீட்டு வழக்கம் அன்று. மற்றொரு காரணம் ஷேக்ஸ்பியரின் நாடகம். அதில் வரும் ஜூலியட்டுக்கு 14 வயதுகூட நிறையவில்லை. ஆனால் 1582இல் ஷேக்ஸ்பியர் மணந்த ஆன் ஹாத்வேக்கு வயது 26, மணமகனுக்கோ 18தான்!

சட்டமும் குழப்பத்தைக் கூட்டுகிறது. பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 வயதானால் திருமணம் செல்லும் என்பதே அன்றைய விதி. சட்டம் அனுமதித்த வயது வேறு, மக்கள் மணந்த வயது வேறு. மாணவர்களுக்குச் சொல்லும்போது இவ்விரண்டையும் பிரித்துச் சொல்வது நல்லது.

வயதைக் கணக்கிட்ட முறை

திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு பங்கு ஆலயமும் பதிவு செய்யவேண்டும் என்று 1538இல் தாமஸ் கிராம்வெல் ஆணையிட்டார். திருமணப் பதிவில் பெரும்பாலும் வயது இராது. எனவே ஆய்வாளர்கள் ஒருவரின் திருமுழுக்குப் பதிவைத் தேடி, அதைத் திருமணப் பதிவோடு பொருத்தி வயதைக் கண்டனர். பொறுமை வேண்டிய வேலை. டெவன் பகுதியிலுள்ள கோலிட்டன் என்ற ஊரின் பதிவுகளை இவ்வாறு ஆராய்ந்த ரிக்லி, 1647–1719 காலத்தில் அவ்வூர்ப் பெண்கள் ஏறத்தாழ 30 வயதில்தான் மணந்தனர் என்று 1966இல் வெளியிட்டார்.

தாமதத்தின் காரணம்

மணமானவர்கள் பெற்றோர் வீட்டில் தங்குவதில்லை, தனிக்குடித்தனம் வைக்கவேண்டும். அதற்குப் பாத்திரம், படுக்கை, கருவிகள், முடிந்தால் ஒரு பசு என்று எல்லாம் தேவை. எனவே பதின்ம வயதிலேயே பையன்களும் பெண்களும் பிறர் பண்ணைகளில் ஆண்டு ஒப்பந்தத்தில் வேலைக்குச் சேர்ந்தனர். உணவும் தங்குமிடமும் போகக் கிடைத்த சிறு கூலியைச் சேர்க்கப் பத்தாண்டு போல ஆயிற்று. சேர்க்க முடியாத பலர் கடைசிவரை மணமின்றியே இருந்தனர். தாமத மணத்தால் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூலி வேலை பெருகியதும் மணவயது இறங்கியது, மக்கள்தொகை வேகமாக ஏறியது.

12, 14 என்ற பழைய விதி 1929இல்தான் நீங்கியது. இருபாலருக்கும் 16 என்றாயிற்று. அதே ஆண்டில் இந்தியாவில் சாரதா சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்ற அச்சட்டம் 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.