பிறப்பும் எல்லைக் கோடும்

மனிதர் எல்லாரும் சமமாகப் பிறக்கின்றனர் என்னும் கொள்கையை இன்று வெளிப்படையாக மறுப்பவர் மிகச் சிலரே. 1948ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் விதி அதையே கூறுகின்றது. ஆண்பாலாரை மட்டும் குறிப்பதாகப் பொருள்படக்கூடிய சொல்லை அவ்விதியினின்று நீக்கி, மனித குலம் முழுவதையும் தழுவும் சொல்லை இடச் செய்தவர் நம் நாட்டின் ஹன்சா மேத்தா அம்மையார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே திருக்குறள், தனது 972ஆம் பாடலில், பிறப்பால் எல்லா உயிர்களும் ஒத்தவை என்று கூறி, சிறப்பின் வேறுபாட்டை அவரவர் செய்யும் செயலின்மேல் ஏற்றியது.

கொள்கை தெளிவானது. ஆயினும் ஒருவன் எந்தக் குலத்தில் பிறந்தான், எந்த ஊரில் பிறந்தான் என்னும் இரண்டும் அவனுடைய கல்வியையும் தொழிலையும் இன்றளவும் பெரிதும் உருவாக்குகின்றன. தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இவ்விரண்டும் ஒன்றோடொன்று பின்னிய ஒரு சிக்கல் உண்டு. அதனை இங்கு ஆராய்வோம்.

நமது அரசியலமைப்பு 14ஆம் விதியில் சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கின்றது. 17ஆம் விதியில் தீண்டாமையை ஒழிக்கின்றது. ஆனால், நெடுங்காலம் தாழ்த்தப்பட்டுக் கிடந்தவரையும் ஏனையோரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்வது சமத்துவம் ஆகாது. ஆதலின் பட்டியல் சாதியினருக்குக் கல்வியிலும் அரசுப் பணியிலும் இடங்களை ஒதுக்க வழி செய்யப்பட்டது. அவர் யாவர் என்பதை 341ஆம் விதியின்படி குடியரசுத் தலைவர் அறிவிக்கின்றார். முதல் ஆணை 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியாயிற்று. இப்பட்டியல் நாடு முழுவதற்கும் ஒன்றன்று. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியே அமைந்தது.

இதன் விளைவு வியப்புக்குரியது. சலவைத் தொழில் செய்யும் மக்களை எடுத்துக்கொள்வோம். உத்தரப் பிரதேசத்தில் தோபிகள் பட்டியல் சாதியினர். மகாராஷ்டிரத்தில் அவர்கள் பிற பிற்படுத்தப்பட்டோர். மத்தியப் பிரதேசத்திலோ போபால், ராய்சேன், சேஹோர் ஆகிய மூன்று மாவட்டங்களில் மட்டும் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டிலும் இத்தகைய கோடு உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் வண்ணார் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். அக்கோட்டைத் தாண்டினால் அல்லர். அப்பகுதிகள் 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவாங்கூர்–கொச்சி இராச்சியத்தில் இருந்தமையே காரணம். துறையும் வெள்ளாவியும் எங்கும் ஒன்றே. பட்டியல் மட்டும் வேறு.

இனி, ஊர் விட்டு ஊர் சென்றவர் நிலை என்ன? திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைத் தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கும், வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கச் சுரங்கங்களுக்கும் சென்ற தமிழருள் ஆதிதிராவிட மக்கள் மிகப் பலர். 1950ஆம் ஆண்டு ஆணை வெளியான காலத்திலேயே ஒரு மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்த குடும்பத்தார் அம்மாநிலத்துப் பட்டியலுக்கு உரியவராவர். அதன் பின் குடிபெயர்ந்தோர் நிலை வேறு. சிறு வயதில் மும்பைக்கு வந்து அங்கேயே பயின்ற ஆந்திர மாணவர் ஒருவர், பழங்குடியினருக்குரிய மருத்துவக் கல்லூரி இடத்தைக் கேட்டார். அவ்வழக்கில், ஒரு மாநிலத்தில் பெற்ற தகுதி மற்றொரு மாநிலத்துக்கு உடன் வாராது என 1990இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. 1994இலும் 2018இலும் ஐவர் அமர்வுகள் இக்கருத்தையே நிலைநாட்டின. இரு மாநிலங்களின் பட்டியல்களிலும் ஒரே சாதிப் பெயர் காணப்பட்டாலும் முடிவு மாறுவதில்லை.

இதற்கு நீதிமன்றம் கூறிய காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஓரிடத்துத் தாழ்வு அவ்விடத்துச் சூழலால் விளைந்தது. அதைப் போக்க ஒதுக்கிய இடங்களை வெளியார் பெற்றால், அம்மாநிலத்து எளியோர் இழப்பர். மறுபுறம் எழும் வினாவும் வலியது. மும்பையில் பிறந்து, மராத்தி பயின்று, பாட்டனார் ஊரைக் கண்ணாலும் காணாத சிறுமிக்குத் திருநெல்வேலியில் உள்ள உரிமையால் பயன் யாது? இழிவு அவளுடன் இரயிலேறி வந்தது. அதற்குரிய பரிகாரம் மட்டும் எல்லையில் இறங்கிவிட்டது என்று அவள் எண்ணினால் பிழை காண்பது அரிது.

எனினும் எல்லா உரிமையும் எல்லையில் நின்றுவிடுவதில்லை. மத்திய அரசுப் பணிகளுக்கும் மத்திய அரசின் கல்வி நிலையங்களுக்கும், பிறந்த மாநிலத்துச் சான்று நாடெங்கும் செல்லும். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய மக்களவைத் தொகுதியில் எம்மாநிலப் பட்டியல் சாதியினரும் போட்டியிடலாம். சட்டமன்றத் தொகுதியிலோ அவ்வம் மாநிலத்தாரே நிற்கலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பும் பிறந்த மாநிலத்தோடு முடிவதன்று என 2023இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. அவமதிப்பு எங்கு நிகழினும் அவமதிப்பே என்பது இதனால் விளங்கும்.

சான்றிதழ் பெறுவதற்கும் ஒரு வழி உண்டு. தந்தை தமது மாநிலத்தில் பெற்ற சான்றிதழைக் காட்டினால், குடியேறிய மாநிலத்து அதிகாரியே பிள்ளைக்குச் சான்றிதழ் வழங்கலாம் என்று 1982ஆம் ஆண்டில் மத்திய அரசு அறிவுறுத்தியது. அது பிறந்த மாநிலத்திலும் மத்திய அரசிடத்திலும் பயன்படும். குடியேறிய மாநிலத்தின் ஒதுக்கீட்டுக்குப் பயன்படாது. ஆதலின் தந்தையின் சான்றிதழையும் குடும்பத்தின் பழைய குடியிருப்புப் பத்திரங்களையும் பேணிக் காப்பது பெற்றோர் கடமையாகும். பிள்ளை பள்ளி இறுதித் தேர்வு எழுதும் ஆண்டில் தேடத் தொடங்கினால், விண்ணப்பிக்கும் காலம் கடந்துவிடக் கூடும். பிற பிற்படுத்தப்பட்டோருக்கான மத்தியப் பட்டியலும் மாநில வாரியாகவே உள்ளமையால், அவ்வகுப்பினரும் இதில் கருத்துடன் இருத்தல் வேண்டும்.

பட்டியலை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது. தொழில் தேடி மக்கள் நாடெங்கும் பரவும் இக்காலத்தில், குடியேறியவரின் இரண்டாம் மூன்றாம் தலைமுறைக்கு எந்த மாநிலம் பொறுப்பேற்பது என்பதை அம்மன்றமே ஆய்ந்து முடிவு செய்தல் வேண்டும். அதுவரை நாமே செய்யத்தக்கது ஒன்றுண்டு. வேற்று மாநிலத்தில் நம் அனைவருக்கும் தமிழர் என்ற ஒரே பெயர்தான். அப்பெயரின் நிழலில், நமது சங்கங்களிலும் திருவிழாக்களிலும் திருமணப் பந்திகளிலும் பழைய வேறுபாட்டை மீண்டும் நடாமல் இருப்போமாக. சட்டத்தின் கோட்டை அழிக்க நம்மால் உடனே இயலாது. நம் வீட்டு வாயிலில் உள்ள கோட்டை இன்றே அழிக்கலாம்.