பனித்தரையிலே வென்ற மொழி

கனடா நாட்டில் ஹாக்கி என்றால் புல்தரை ஹாக்கியல்ல. உறைந்த பனிமீது, கத்தி பூட்டிய காலணியோடு சறுக்கியபடியே ஒரு ரப்பர் வட்டை விரட்டுகின்ற ஆட்டம். கண் இமைப்பதற்குள் வட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறந்துவிடும். அதை நேர்முகமாக வர்ணிப்பவருக்கு நீட்டி முழக்க நேரம் ஏது? ஒரு பெயர், ஒரு வினை. மறுபடி ஒரு பெயர், ஒரு வினை. 1923-இல் டொரண்டோவிலிருந்து வானொலியில் வர்ணிக்கத் தொடங்கிய ஃபாஸ்டர் ஹியூவிட், 'அடிக்கிறார்! கோல்!' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் கூவிய கூவல், தெருவிலே ஆடும் சிறுவர்களின் வாய்வரை போய்ச் சேர்ந்தது.

ஆனால் தோழர்களே, அதே நாட்டில் கியூபெக் மாநிலத்துப் பெருவாரி மக்களின் தாய்மொழி பிரெஞ்சு. அவர்கள் உயிராய் மதித்த ஆட்டத்தின் சொற்களோ ஆங்கிலம். ஆலையிலும் அதே கதைதான். மேலாளர் பேசியது ஆங்கிலம், எந்திர உறுப்புகளின் பெயர் ஆங்கிலம். உன் தாய்மொழி அடுப்படிக்குத்தான் ஆகும், தொழிலுக்கு ஆகாது என்று ஒரு பாட்டாளியை நம்பவைத்துவிட்டால், கூலி உயர்வு கேட்கும்போது அவன் குரல் தாழ்ந்துதானே ஒலிக்கும்?

1952 அக்டோபர் 11 அன்று, மான்ட்ரியால் ஃபோரம் அரங்கிலிருந்து கனடாவின் முதல் ஹாக்கி தொலைக்காட்சி ஒளிபரப்பு நடந்தது. எந்த மொழியில்? பிரெஞ்சில்! ஆங்கில ஒளிபரப்பு அதற்கடுத்த மாதம்தான் வந்தது. அன்று வர்ணித்தவர் ரெனே லெகவாலியே. 'பக்' அவர் வாயில் 'ரோந்தெல்' ஆயிற்று. 'ஸ்லாப் ஷாட்' 'லான்சே ஃப்ராப்பே' ஆயிற்று. 'ஆஃப்சைடு' 'ஓர்-ழூ' ஆயிற்று. எல்லாம் அவரே ஆக்கிய சொற்கள் என்று நாம் கூறவில்லை. பழக்கியவர் அவர். மேடையேறி முழங்கவில்லை, அகராதி அச்சடித்து வீடுவீடாக அனுப்பவில்லை. ஆட்டத்தின் வேகம் குன்றாமல், வாரந்தோறும் அதே சொல்லை அதே இடத்தில் சொன்னார். புரியாதவனுக்குத் திரையிலே ஓடிய வட்டே பொருள் சொல்லிற்று!

அவருடைய பிரெஞ்சு தெருப் பிரெஞ்சல்ல. சற்று இஸ்திரி போட்ட பிரெஞ்சு. அது நமக்குக் கொஞ்சம் நெருடுகிறது என்பதை மறைப்பானேன்? ஆனாலும் ஆலைத் தொழிலாளி அந்தச் சொற்களை எடுத்துக்கொண்டான்.

பணியிடத்தின் மொழி பிரெஞ்சே என்று கியூபெக் சட்டம் இயற்றியது 1977-இல். வர்ணனையால் சட்டம் வந்தது என்று கதை அளக்க மாட்டோம். அதற்காக எத்தனையோ பேர் போராடினர். ஆனால் வேகமான வேலைக்கு இந்த மொழி தாங்காது என்று சொல்லும் வாயை, கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் ஒருவர் அடைத்துக்கொண்டிருந்தார்.

2008 முதல் அதே ஆட்டம் கனடாவில் பஞ்சாபியிலும் ஒலிக்கத் தொடங்கியது. குடியேறி உழைத்த மக்களின் பிள்ளைகள் வர்ணித்தார்கள். அந்த ரப்பர் வட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'டிக்கி'. ஆம், உருளைக்கிழங்கைப் பிசைந்து, வட்டமாகத் தட்டிக் கல்லில் போடுவார்களே, அதே டிக்கிதான்!