சுத்தியல் சத்தத்துக்கு யார் பணம் தருகிறார்கள்?

கேபிள் இல்லாத வீடு – 6

அமெரிக்காவில் கேபிள் கட்டணம் ஏறியதில் விளையாட்டு ஒளிபரப்புக்கு இருக்கும் பங்கைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் எடுத்துக்கொள்வது, அங்கே பல வீடுகளில் பகல் பொழுதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு வகை: பழைய வீட்டை இடித்துத் திருத்திப் புதிதாக்கிக் காட்டும் நிகழ்ச்சிகள். எச்.ஜி.டி.வி. இவற்றுக்குப் பேர்போன கேபிள் சேனல். கேபிளைத் துண்டித்தவர்கள் முதலில் கேட்பது, 'எச்.ஜி.டி.வி.யை இனி எதில் மலிவாகப் பார்க்கலாம்?' என்பதுதான். அதற்குப் பதில் உண்டு, பின்னால் சொல்கிறேன். அதைவிட முக்கியமான கேள்வி, அந்த நிகழ்ச்சிகளுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பது. வீடு புதுப்பிக்கும் நிகழ்ச்சி எதைக் காட்டும், எதை விட்டுவிடும் என்பதைப் பணம் வரும் வழியே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கேபிளை விட்டு வெளியே வந்தவருக்கு, அந்த வழியைத் தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு முதல்முறையாகக் கிடைத்திருக்கிறது.

இந்த வகை நிகழ்ச்சி கேபிளில் பிறந்ததல்ல. 1979இல் பாஸ்டன் நகரின் பொதுத் தொலைக்காட்சி நிலையமான டபிள்யூ.ஜி.பி.எச்., டார்செஸ்டர் பகுதியில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டை எடுத்து, அதைப் பழுதுபார்க்கும் வேலையை 13 வாரங்களுக்குக் காட்டியது. 'திஸ் ஓல்ட் ஹவுஸ்' தொடங்கியது அப்படித்தான். ரஸல் மொராஷ் தயாரித்தார், பாப் வீலா தொகுத்து வழங்கினார், நார்ம் ஆப்ரம் என்ற தச்சர் வேலை செய்தார். ஒரே வீட்டில் பல வாரங்கள் தங்கியதால், சுவருக்குள் இருப்பதைக் காட்ட அவர்களுக்கு நேரம் இருந்தது: உளுத்துப்போன உத்தரம், பழைய மின்கம்பி, ஈரம் ஏறிய அடித்தளம், கசியும் குழாய். தச்சரும் குழாய்க்காரரும் தாங்கள் செய்வதை ஏன் அப்படிச் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே செய்தார்கள். அரைமணி நேரத்துக்குள் ஒரு வீட்டை முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி அந்த நிகழ்ச்சிக்கு இல்லை.

1994 டிசம்பர் 30 அன்று எச்.ஜி.டி.வி. தொடங்கியபோது கணக்கு மாறியது. கேபிள் சேனலுக்கு இரண்டு வருமானம். ஒன்று, பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒவ்வொரு கேபிள் வீட்டிலிருந்தும் மாதாமாதம் வந்து சேரும் சிறு தொகை, மற்றது விளம்பரம். இரண்டும் கேட்பது ஒன்றைத்தான்: நாள் முழுக்க ஓட வேண்டும், எந்த நிமிடத்தில் வந்து உட்கார்ந்தாலும் புரிய வேண்டும், முடிவில் கண் நிறைய வேண்டும். சுவரை உடைக்கும் ஆரவாரமும் கடைசியில் வரும் 'முன்பு, பின்பு' காட்சியும் இந்தத் தேவையிலிருந்து வந்தவை. சுரண்டுவது, மூடுவது, துடைப்பது போன்ற மெதுவான வேலைகள் அதில் அடிபட்டுப்போகும். இது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 1978இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் கட்டிய வீடுகளில் வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்கள் தூசி பரவாமல் தடுக்கப் பின்பற்ற வேண்டிய விதிகள் 2010இலிருந்து நடைமுறையில் உள்ளன. ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. டெக்சஸ் மாநிலத்து வேக்கோ நகரில் எடுக்கப்பட்ட, பெரும் புகழ்பெற்ற 'ஃபிக்ஸர் அப்பர்' நிகழ்ச்சியின் காட்சிகளைப் பார்த்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அவற்றில் அந்த விதிமுறைகளைக் காணாமல் விசாரணையில் இறங்கியது. 2018இல் வந்த உடன்பாட்டின்படி, நிகழ்ச்சியை நடத்திய தம்பதியின் நிறுவனம் 40,000 டாலர் அபராதம் கட்டவும், வேக்கோ வீடுகளில் ஈயப் பெயின்டை அகற்ற 1,60,000 டாலர் செலவிடவும் ஒப்புக்கொண்டது. நிறுவனம் ஒத்துழைத்தது, நிகழ்ச்சியிலேயே ஈயத்தைப் பற்றிப் பேசவும் செய்தது. அதைப் பாராட்ட வேண்டும். ஆனாலும் லட்சக்கணக்கானோர் பார்த்த திரையில் இல்லாத ஒன்றைச் சுட்டிக்காட்ட ஓர் அரசு முகமை வர வேண்டியிருந்தது.

இனி, கேபிள் இல்லாமல் பார்க்கும் வழிகள். எச்.ஜி.டி.வி.யின் சொந்தச் செயலி கேபிள் கணக்கைக் கேட்கும். அது துண்டித்தவர்களுக்கு உதவாது. நேரலைச் சேனலே வேண்டுமென்றால் யூடியூப் டி.வி. போன்ற இணையத் தொகுப்பை வாங்கலாம். ஆனால் 2017இல் மாதம் 35 டாலரில் தொடங்கிய அந்தச் சேவை, 2019இல் எச்.ஜி.டி.வி. உள்ளிட்ட டிஸ்கவரி சேனல்களைச் சேர்த்தபோது கட்டணத்தை ஏறத்தாழ 50 டாலராக்கியது. 2025 தொடக்கத்தில் அது 82.99 டாலர். இது கேபிளேதான், வயர் மட்டும் வேறு. விளையாட்டுச் சேனல்களை ஒதுக்கிவிட்டு 2017இல் 16 டாலரில் வந்த ஃபைலோ என்ற இணையத் தொகுப்பு இதைவிட நியாயமானது. அதன் விலையும் பிறகு ஏறியிருக்கிறது. நேரலை வேண்டாம், நிகழ்ச்சிகள் போதும் என்பவருக்கு டிஸ்கவரி பிளஸ் இருக்கிறது. 2021 ஜனவரியில் அமெரிக்காவில் வந்தபோது விளம்பரத்தோடு 4.99, விளம்பரமில்லாமல் 6.99 டாலர். ஒரு மாதம் கட்டி, வேண்டியதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம். எச்.ஜி.டி.வி.தான் வேண்டும் என்பவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

எச்.ஜி.டி.வி.தான் வேண்டும் என்றில்லாதவருக்குப் பொதுத் தொலைக்காட்சி இருக்கிறது: கூரையில் ஆன்டெனா வைத்தால் அதன் பி.பி.எஸ். நிலையம் ஒரு காசு இல்லாமல் வருகிறது. அதன் செயலியும் இலவசம். 'திஸ் ஓல்ட் ஹவுஸ்' நிறுவனத்தை 2021இல் ரோகு என்ற இணைய ஒளிபரப்புத் தளம் வாங்கியதால், அந்தத் தளத்தில் விளம்பரங்களோடு பழைய அத்தியாயங்களையும் பார்க்கலாம். வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் போக வேண்டிய இடம் இந்த நிகழ்ச்சிதான். நியூஜெர்சியிலோ மாசசூசெட்ஸிலோ அறுபது எழுபது ஆண்டுப் பழைய மரவீட்டை வாங்கும் நம்மவர்களுக்கு இதை அழுத்தியே சொல்வேன். செங்கல்லும் சிமென்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மரச்சட்டச் சுவரும் வெப்பக்காப்பும் உறைந்து வெடிக்கும் குழாயும் புதியவை.

பொதுத் தொலைக்காட்சி மட்டும் புரவலர் பிடியில் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1989இல் பாப் வீலா ஒரு கட்டுமானப் பொருள் கடையின் விளம்பரத்தில் நடித்தார். நிகழ்ச்சிக்கு ஆதரவு தந்துவந்த போட்டி நிறுவனமான ஹோம் டிப்போ விலகிக்கொண்டது. வீலா வெளியேற நேர்ந்தது. ஆகவே அங்கும் பணம் பேசியது. ஆனால் தொகுப்பாளர் போன பிறகும் தச்சர் இருந்தார், வேலையைப் பொறுமையாகக் காட்டும் முறை மாறவில்லை. புரவலர் ஒருவரை இழந்ததால் நிகழ்ச்சியின் அமைப்பே மாற வேண்டிய கட்டாயம் அங்கே வரவில்லை. களைத்து வந்து உட்கார்ந்தவருக்குப் பாடம் எதற்கு, அழகான சமையலறையைப் பார்த்தால் போதாதா என்பது இன்னொரு மறுப்பு. போதும், அந்த இன்பத்தைக் குறை சொல்ல மாட்டேன். அதே மனிதர் நாளை ஒப்பந்தக்காரரிடம் விலை பேசும்போது, திரையில் கண்ட வேகத்தையும் செலவையும் அளவுகோலாகக் கொள்வதுதான் ஆபத்து. மூன்றாவது மறுப்பு, யூடியூப் போதுமே என்பது. ஒற்றைக் குழாயை மாற்றக் கற்க அதுவே சிறந்தது. எந்தக் குழாயை மாற்ற வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று முழு வீட்டையும் வைத்து யோசிக்கக் கற்பது வேறு விஷயம். துண்டு வீடியோக்களில் அது கிடைப்பது அரிது.

இலவச வழிக்கும் ஒருவர் பணம் தந்தாக வேண்டும். 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. பெரிய நகர நிலையங்கள் சமாளிக்கலாம். சிற்றூர் நிலையங்களுக்கு அந்தப் பணமே உயிராக இருந்தது. உள்ளூர் பி.பி.எஸ். நிலையத்துக்கு மாதம் 5 டாலர் நன்கொடை தருபவர்களுக்கு வழக்கமாகப் 'பாஸ்போர்ட்' என்ற கூடுதல் நூலக வசதி கிடைக்கிறது. 82.99 டாலர் தொகுப்பை நிறுத்துகிறவர் முதல் மாதத்திலேயே அந்த 5 டாலரை அங்கே திருப்பிவிடலாம்.

(தொடரும்)