மான்டரேயில் அலறிய கிட்டார்

1967 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. கலிஃபோர்னியாவின் மான்டரே நகரப் பொருட்காட்சித் திடலில் மூன்று நாள் பாப் இசைவிழா முடியும் தறுவாய். பிற்பகலில் ரவிசங்கர் சிதார் வாசித்த விழாவில், இரவு ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தன் கிட்டாருக்குத் தீ வைத்தார். சியாட்டிலில் பிறந்தவர்தான், ஆனால் 1966இல் லண்டன் போன பிறகே பேர் வாங்கினார். சொந்த நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது அந்த இரவில்.

இன்றைக்கும் தீயைப் பற்றித்தான் பேசுகிறார்கள். உண்மையான சாகசம் அதற்கு முன்பே நடந்துவிட்டது.

ஹென்ட்ரிக்ஸ் வாசித்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் உடல் கெட்டியான மரக்கட்டை. ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் அடுத்த அறைக்குக்கூடச் சரியாகக் கேட்காது. தந்திகளுக்கு அடியில் இருக்கும் ‘பிக்கப்’தான் அதன் உயிர்: சின்னக் காந்தங்கள், அவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செம்புக் கம்பி. எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும், கம்பியில் மின்சாரம் பிறக்கும். 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது.

கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் ‘கூ’வென்று கத்துமே, அந்த வியாதி கிட்டாருக்கும் உண்டு. ஸ்பீக்கரின் சத்தம் தந்தியை உலுக்கும். பிக்கப் அதை மறுபடி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். அது பெருகி வந்து மீண்டும் தந்தியை உலுக்கும். விரல் படாமலே ஒலி நீளும். இதுதான் ஃபீட்பேக். மைக் கத்தினால் நாம் ஓடிப்போய்க் குறைப்போம். ஹென்ட்ரிக்ஸ் வேண்டுமென்றே அதை வரவழைத்தார். எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம், எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதைப் பொறுத்து எழும் சுரமே மாறும். ‘வைல்ட் திங்’ பாட்டுக்கு முன்பு அந்த அலறலை எழுப்பி, ட்ரெமொலோ கம்பியை அமுக்கித் தந்திகளைத் தளர்த்தி, சுருதியைக் கிடுகிடுவென்று கீழே இறக்கினார்.

ஃபீட்பேக் அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. பீட்டில்ஸ் 1964இலேயே ‘ஐ ஃபீல் ஃபைன்’ பாட்டை அதில்தான் தொடங்கினார்கள். அவர்களுக்கு அது ஒரு தொடக்க ஒலி. இவருக்கோ வாசிக்கிற வாத்தியத்தின் பாதி.

இன்னொரு விசேஷம். இடது கைக்காரரான அவர், வலது கைக்காரர்களுக்கான ஸ்ட்ராட்டோகாஸ்டரையே திருப்பிப் பிடித்து, தந்திகளை மாற்றிக் கட்டிக்கொண்டார். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஓரமாகச் சாய்வாகப் பதித்த பிக்கப்பும் இதனால் தலைகீழானது. கனத்த தந்திகள் வழக்கத்தைவிடக் கூர்மையாகவும், மெல்லிய தந்திகள் சற்று மென்மையாகவும் ஒலித்தன.

வாத்தியத்தைக் கொளுத்தியது ரவிசங்கருக்குப் பொறுக்கவில்லை. அவர் கோபம் நியாயம்தான். ஆவணப்பட இயக்குநர் பென்னிபேக்கர் எடுத்த ‘மான்டரே பாப்’ படத்தில் இந்தக் காட்சி இருக்கிறது. தீ வரும்வரை காத்திருக்காதீர்கள். பாட்டு தொடங்குவதற்கு முன் வரும் அந்த அலறலை, முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.